பழைய கேமராக்களைச் செயலியில் பதிவு செய்பவர்களுக்கு

பழைய கேமராக்களைச் சேர்த்து வைத்திருக்கும் நண்பர்கள் பலர் இப்போது கைப்பேசிச் செயலியில் பட்டியல் போடத் தொடங்கியிருக்கிறார்கள். கேமராவைப் படம் எடுத்தால் போதும். தயாரிப்பாளர், மாடல், வெளிவந்த ஆண்டு, இன்றைய விலை என்று கட்டங்கள் தாமாகவே நிரம்பிவிடுகின்றன. நானும் என்னிடம் இருப்பவற்றைச் செயலியில்தான் பதிவு செய்கிறேன். அதன் பயன் எனக்குத் தெரியும். ஆனால் பெரும்பாலானோர் காலியாகவே விட்டுவிடும் கட்டம் ஒன்று உண்டு. இந்தக் கேமரா யாருடையது, எந்த ஊரிலிருந்து வந்தது, அதை வைத்து யாரை, எதைப் படம் எடுத்தார்கள்? முதலில் நிரப்ப வேண்டியது அதைத்தான் என்பேன்.

ஆக்ஃபா கிளிக் 3 கேமராவையே எடுத்துக்கொள்ளுங்கள். 120 ஃபிலிமில் 12 சதுரப் படங்கள் எடுக்கும் எளிய கேமரா. நம் நாட்டில் பரோடாவின் நியூ இந்தியா இண்டஸ்ட்ரீஸ் அதைத் தயாரித்து விற்றது. ஆக்ஃபா என்ற ஜெர்மன் நிறுவனப் பெயரைப் பார்த்ததும் ‘ஜெர்மனி’ என்று எழுதிவிடும் செயலிகளைப் பார்த்திருக்கிறேன். அதைத் திருத்துவது எளிது. விலைக் கட்டம்தான் என்னை வருத்துகிறது. சந்தையில் அதற்குப் பெரிய மதிப்பில்லை என்பதால் பட்டியலின் அடியில் போய் உட்கார்ந்துவிடுகிறது. அந்த வீட்டுப் பிள்ளையின் முதல் பிறந்தநாளும், தாத்தா பாட்டியோடு போன கோயில் பயணமும் அதில்தான் பதிவாயின என்று ஒரு வரி எழுதி வைத்தால், அடுத்த தலைமுறை அதைப் பழைய சாமான்காரரிடம் போடுவதற்கு முன் ஒரு முறையாவது யோசிக்கும்.

ஆண்டு, மாடல் விஷயத்திலும் செயலியை அப்படியே நம்பக் கூடாது. மாஸ்கோவுக்கு அருகில் கிராஸ்னோகோர்ஸ்க் ஆலையில் செய்த ஜெனிட்-இ கேமராவில், தொடர் எண்ணின் முதல் இரண்டு இலக்கங்கள் பொதுவாகத் தயாரிப்பு ஆண்டைக் காட்டும். 76 என்று தொடங்கினால் 1976. இதே கணக்கை நிக்கான் எஃப் கேமராவுக்குப் போட்டால் தவறாகிவிடும். அதன் தொடர் எண்கள் 1959இல் விற்பனைக்கு வந்தபோதே 64 என்றுதான் தொடங்கின. அதைப் பார்த்து 1964 என்று எழுதிவைப்பவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள்.

விலை உயர்ந்த ஜெர்மன் கேமராவான லைக்காவில் ஏமாற்று இன்னும் பெரிது. பழைய சோவியத் ஃபெட், சோர்க்கி கேமராக்களின் மேல் தகட்டைச் சுரண்டி, ‘லைக்கா’ என்று பொறித்து, தங்க நிறம் பூசிச் சந்தையில் விடுகிறார்கள். படத்தில் தெரியும் எழுத்தைப் படிக்கும் செயலி அதை லைக்கா என்றே பதியும். லென்ஸைக் கழற்றி உள்ளே பாருங்கள். ரேஞ்ச்ஃபைண்டரை, அதாவது தூரத்தை அளந்து படத்தைத் தெளிவாக்க உதவும் அமைப்பை, இயக்கும் சிறு கையின் முனையில் அசல் லைக்காவில் சிறு உருளைச் சக்கரம் இருக்கும். சோவியத் கேமராவில் அந்த இடத்தில் தட்டையான நாக்கு போன்ற உலோகத் துண்டு இருக்கும். இதைக் கண்ணும் கையும்தான் கண்டுபிடிக்க வேண்டும். கண்டுபிடித்ததைப் படத்தோடு பதிவில் சேர்த்துவிட்டால் அடுத்து வருபவருக்கு அந்த வேலை மிச்சம்.

கேமராவின் நிலையைப் பற்றி ‘நன்றாக உள்ளது’ என்று எழுதுவதில் எந்தப் பயனும் இல்லை. மெதுவான ஷட்டர் வேகங்கள் ஒட்டிக்கொள்கின்றனவா, லென்ஸையும் கேமரா உடலையும் இணைக்கும் மடிப்புத் துருத்தியில் ஓட்டை உண்டா, ஒளியை அளக்கும் செலினியம் மீட்டரின் முள் வெளிச்சத்துக்கு அசைகிறதா என்று தனித்தனியாக, தேதியோடு எழுதுங்கள். சென்னை போன்ற கடலோர ஊரில் லென்ஸின் முதல் எதிரி பூஞ்சை. டார்ச் வெளிச்சத்தை லென்ஸுக்குள் பாய்ச்சி ஒரு படம் எடுத்துப் பதிவில் வைத்தால், அடுத்த மழைக்காலம் முடிந்ததும் அது பரவியிருக்கிறதா என்று ஒப்பிட்டுப் பார்க்கலாம். செயலி இருப்பதன் உண்மையான லாபம் இதுதான். காகித நோட்டில் இது முடியாது.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. நம் ஊர்களில் பழைய ஸ்டுடியோக்கள் மூடப்பட்டு வருகின்றன. அங்கிருந்த மரக் கேமராக்களும், கல்யாணங்களைப் படம் எடுத்த யாஷிகா இரட்டை லென்ஸ் கேமராக்களும் கைமாறிக்கொண்டிருக்கின்றன. வாங்குபவர் லென்ஸைப் பார்க்கிறார், பேரம் பேசுகிறார், போய்விடுகிறார். விற்பவர் நாற்பது ஐம்பது ஆண்டு வேலையை மனத்தில் வைத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்திருக்கிறார். அவரிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை.

என்னிடம் உள்ள யாஷிகா ஒன்றை ஓய்வுபெற்ற ஸ்டுடியோக்காரர் ஒருவரிடம் வாங்கினேன். முகூர்த்த நேரம் நெருங்கும்போது ரோலில் மூன்று நான்கு படங்கள் மிச்சமிருந்தாலும், அதைச் சுற்றி முடித்துவிட்டுப் புது ரோல் போட்டுவிடுவாராம். தாலி கட்டும்போது ஃபிலிம் தீர்ந்துபோனால் அந்த வீட்டார் முகத்தில் எப்படி விழிப்பது என்றார். ஊட்டியில் இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் தயாரித்த ‘இந்து’ கறுப்பு வெள்ளை ஃபிலிமில் எடுத்தது பற்றியும், நெகட்டிவில் பென்சிலால் முகத்தைச் சரிசெய்த கலைஞரைப் பற்றியும் சொன்னார். 1960இல் தொடங்கிய அந்த அரசு நிறுவனம் இன்று இயங்கவில்லை. பென்சில் பிடித்தவரும் இல்லை. ஸ்டுடியோக்காரரின் அனுமதியோடு அவர் பேச்சைக் கைப்பேசியில் பதிவு செய்து, கேமராவின் பக்கத்திலேயே செயலியில் இணைத்திருக்கிறேன். என் சேகரிப்பில் விலை உயர்ந்த கேமராக்கள் வேறு உண்டு. யாராவது பார்க்க வந்தால் நான் முதலில் திறந்து காட்டுவது இந்தப் பதிவைத்தான்.

தமிழ்நாட்டு ஸ்டுடியோப் படங்களைத் தேடி எடுத்து மின்வடிவில் காக்கும் பணியைப் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் செய்திருக்கிறது. படங்களுக்குக் கிடைத்த அந்தக் கவனிப்பு அவற்றை எடுத்த கருவிகளுக்கும் கிடைக்க வேண்டும். அதற்கு நிறுவனம் வரும் வரை காத்திருக்கத் தேவையில்லை. சேகரிப்பாளர் ஒவ்வொருவரும் தன் கைவசம் உள்ளதற்குச் செய்தாலே போதும்.

ஆனால் பதிவு முழுவதையும் ஒரே செயலியை நம்பி விட்டுவிடாதீர்கள். படங்களைச் சேமித்து அடுக்க லட்சக்கணக்கானோர் பயன்படுத்திய பிகாசா மென்பொருளையே கூகுள் 2016இல் நிறுத்திவிட்டது. எல்லாவற்றையும் எக்செல் போன்ற பொதுவான கோப்பாக வெளியே எடுக்க வழியில்லாத செயலியில் ஒரு கேமராவைக்கூடப் பதியாதீர்கள். படங்களுக்கும் குரல் பதிவுகளுக்கும் தனி நகல் இருக்கட்டும். அருங்காட்சியகங்களில் செய்வதுபோல ஒவ்வொன்றுக்கும் வாங்கிய ஆண்டும் வரிசையும் சேர்ந்த எண் கொடுத்து, அந்த எண்ணைச் சிறு அட்டையில் எழுதி நூலால் கட்டுங்கள். ஸ்டிக்கர் ஒட்டினால் பசை தோலுறையைக் கெடுக்கும். விலை விவரத்தையும் வீட்டு முகவரியையும் பொதுவெளியில் வைக்கவே வேண்டாம்.

செயலி உருவாக்கும் நம் இளைஞர்களிடம் ஒன்று கேட்கிறேன். விலையை இரண்டாம் பக்கத்துக்குத் தள்ளிவிட்டு, ‘யாருடையது, எங்கே பயன்பட்டது’ என்ற கட்டத்தை முதல் பக்கத்தில் வையுங்கள். குரல் பதிவுக்கு அங்கேயே இடம் கொடுங்கள். தமிழில் எழுதவும் தேடவும் முடிய வேண்டும். யாஷிகா என்று ஒருவர் எழுதுவார், யாசிகா என்று இன்னொருவர் எழுதுவார்; எப்படித் தேடினாலும் அதே கேமரா வர வேண்டும். இப்படி ஒன்றை யாராவது செய்துகொடுத்தால், என் பட்டியல் முழுவதையும் சோதனைக்குத் தரத் தயாராக இருக்கிறேன்.