கைபடாத ‘புத்துயிர்ப்பு’ வைத்திருப்போர் கவனத்துக்கு

நேற்று முன்தினம் நமது பழைய புத்தகக் குழுவில் நான் படம் போட்டிருந்த, தல்ஸ்தோயின் ‘புத்துயிர்ப்பு’ நாவல் பிரதிக்குக் கிடைத்த மரியாதையை நீங்கள் எல்லோரும் பார்த்தீர்கள். “பக்கமெல்லாம் பென்சில் கோடு, எடைக்குத்தான் போட வேண்டும்” என்று தீர்ப்பளித்த அதே பெரியவர், அன்று மாலையே அதே மாஸ்கோ பதிப்பின் இன்னொரு பிரதியைக் ‘கைபடாதது, ஒரு முறைகூடத் திறக்காதது’ என்ற விளம்பரத்தோடு நாலாயிரம் ரூபாய்க்கு வைத்தார். ஒருவரும் படிக்காமல் விட்டதுதான் ஒரு நாவலின் தகுதி என்று இவ்வளவு வெளிப்படையாகச் சொல்லத் துணிச்சல் வேண்டும், பாராட்டுகிறேன்.

நான் சொல்வது ஒன்றுதான். படிக்கப்பட்ட பிரதி தாழ்ந்த பிரதி அல்ல. ரா. கிருஷ்ணையாவின் மொழிபெயர்ப்பில் மாஸ்கோவின் முன்னேற்றப் பதிப்பகம் அச்சிட்டு, நியூ செஞ்சுரி புக் ஹவுஸ் வழியாக இங்கே மலிவு விலையில் விற்ற புத்தகம் அது. குறைந்த சம்பளக்காரரும் வாங்கிப் படித்தார். 1991-இல் சோவியத் யூனியன் கலைந்தது, வரத்து நின்றது, புத்தகம் அரிதாயிற்று, அரிதானதும் அதன்மேல் கண்ணாடித்தாள் ஏறிக்கொண்டது.

என் பிரதியைத் திருவல்லிக்கேணி நடைபாதையில் வாங்கினேன். முந்தைய வாசகர் யாரென்று தெரியாது. விஷம் வைத்த வழக்கில் நிற்கும் நாயகி மாஸ்லவாவுக்குக் கொல்லும் நோக்கம் இல்லை என்ற சொற்களைச் சேர்க்க ஜூரிகள் மறந்துவிட, அதனாலேயே அவள் சைபீரியக் கடுங்காவலுக்குத் தண்டிக்கப்படும் இடத்தில், ஓரத்தில் “அட பாவிகளா” என்று எழுதியிருக்கிறார். பின்னால் சிறையில் அவள், முன்பு தன்னைக் கெடுத்துக் கைவிட்டு இப்போது பரிகாரம் தேடி வரும் நெஹ்லூதவிடம், இந்த வாழ்வில் என்னை வைத்துச் சுகம் கண்டது போதாதென்று மறு வாழ்விலும் என்னை வைத்தே கரையேறப் பார்க்கிறாயா என்று வெடிக்கிறாளே, அங்கே தாள் கிழியும் அளவுக்கு அழுத்தி இரண்டு கோடுகள். இதற்குத்தான் கைபடாத பிரதி தேடுவோர் அகராதியில் ‘சேதாரம்’ என்று பெயர்.

“அரிய நூலைப் பாதுகாப்பது குற்றமா?” என்பார்கள். இல்லை. ரோஜா முத்தையா நூலகமும் பாதுகாக்கிறது. ஆய்வாளர் கேட்டால் எடுத்துக் கொடுக்கிறது. பீரோவில் பூட்டி விலை ஏறக் காத்திருப்பதை அதோடு சேர்க்காதீர்கள்.

“வியாபாரத்தில் தர்மம் பேசாதே” என்பவர்களுக்குத்தான் அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது. தல்ஸ்தோய் 1881-க்குப் பின் எழுதியவற்றின் பதிப்புரிமையை 1891-இல் துறந்தவர். 1899-இல் வெளிவந்த இந்த ஒரு நாவலுக்கு மட்டும் விலை பேசினார்; அதுவும், ஆயுதம் ஏந்த மறுத்துத் துன்புறுத்தப்பட்ட துகபோர் என்ற ரஷ்யக் கிறிஸ்தவப் பிரிவு மக்கள் கனடாவுக்குக் கப்பலேறுவதற்காக. கதையிலும் நெஹ்லூதவ் தன் நிலத்தைக் குடியானவர்களிடம் விட்டுக்கொடுக்கிறான். இதையெல்லாம் அறிய நூலைத் திறக்க வேண்டும். திறந்தால் மதிப்புக் குறைந்துவிடும். அவர்களுடைய சங்கடம் புரிகிறது.

“நாலாயிரம் கொடுக்க வக்கில்லாத பொறாமை” என்று என் படத்தின் கீழ் ஒருவர் எழுதியதற்கு விழுந்த சிரிப்புக் குறிகளில் நண்பர்கள் சிலருடையவையும் இருந்தன. வக்கில்லைதான். அந்த அநாமதேய வாசகருக்கும் இருந்திருக்காது. ஆனால் மாஸ்லவாவுக்காகக் கோபப்பட அவருக்கு நேரம் இருந்தது. எடைக்குப் போடச் சொன்னது என்னை மட்டும் அல்ல, அவரையும்தான்.

என் பிரதி விற்பனைக்கு அல்ல. படிக்கக் கேட்டிருந்த நாகர்கோவில் தம்பிக்கு அதை அனுப்புகிறேன், கூர் சீவிய பென்சில் ஒன்றும் சேர்த்து.