காரைத் தாழ்த்தினால் ஹெடரும் தாழும்

ஹெடர் என்பது இன்ஜின் புகையை வெளியே கொண்டுபோகும் குழாய்த் தொகுப்பு. "ஹெடர் இன்ஜினோடு சேர்ந்தது, ஸ்பிரிங் மாற்றிக் காரைத் தாழ்த்தினாலும் அதன் உயரம் மாறாது" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். தவறு. இன்ஜினைத் தாங்குவது பாடிதானே, சக்கரம் இல்லையே! பாடி 40 மில்லிமீட்டர் இறங்கினால் ஹெடரும் அதே 40 இறங்கும்.

1990களின் ஹோண்டா சிவிக்கில் வந்த பி16 இன்ஜினைப் பாருங்கள். எக்ஸாஸ்ட் வாய் முன்பக்கம். குழாய்கள் இன்ஜினின் அடியில் உள்ள ஆயில் தொட்டியான ஆயில் சம்ப்புக்கு அடியில் நுழைந்துதான் பின்னால் போகவேண்டும். அவை ஒன்றுசேரும் இடத்து ஃபிளாஞ்ச்தான் (போல்ட் போட்டு இணைக்கும் தட்டு) முதலில் தரையில் உரசும். நான் கழற்றிய ஒன்றில் போல்ட் தலைகள் பாதி தேய்ந்து, ஸ்பேனர் பிடிக்க விளிம்பே இல்லை. கார் நிற்கும்போது அளந்த இடைவெளியை நம்பிவிடாதீர்கள். வேகத்தடையைத் தாண்டி இறங்கும்போது ஸ்பிரிங் இன்னும் அமுங்கும்.