என் பிள்ளையிடம் கேட்காதீர்கள், என்னிடம் கேளுங்கள்

பள்ளிக்கு அனுப்பாமல் நாங்கள் வீட்டிலேயே படிக்கவைக்கும் என் மகளை ஒரு விருந்தில் கேள்வி கேட்டுச் சிரித்த அந்தக் காணொளியைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். "விடும்மா, ரெண்டு நாளில் மறந்துவிடுவார்கள்" என்று வீட்டுக்காரரும் சொன்னார். மறக்கவில்லை. நேற்று இரவு சிரம்பானிலிருந்து என் சித்தி மகள் அழைத்து, "அக்கா, அது நம்ம பாப்பாவா?" என்று கேட்கிறாள். பினாங்கில் எடுத்தது புலனம் (வாட்ஸ்அப்) வழியாக அங்கே வரைக்கும் போயிருக்கிறது. இனியும் நான் வாயை மூடிக்கொண்டிருந்தால், அதன் கீழே எழுதியதெல்லாம் உண்மை என்று ஆகிவிடும்.

பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. பார்க்காதவர்கள் தயவுசெய்து தேடிப் போய்ப் பார்க்காதீர்கள். ஒன்பது வயதுப் பிள்ளை ஒன்று கையில் கேக் தட்டோடு நிற்கிறது. சுற்றியிருக்கும் பெரியவர்கள் எதற்குச் சிரிக்கிறார்கள் என்று அதற்குத் தெரியவில்லை. அவ்வளவுதான் அந்தக் காணொளி.

நான் கேட்பது ஒன்றே ஒன்று. எங்கள் வீட்டுக் கல்வியில் உங்களுக்குச் சந்தேகம் இருந்தால் என்னிடம் கேளுங்கள். என் கணவரிடம் கேளுங்கள். என் பிள்ளையிடம் கேட்காதீர்கள். பள்ளிக்கு அனுப்ப வேண்டாம் என்று முடிவு எடுத்தது அவள் இல்லை, நாங்கள்.

"என்ன படிக்கிறே?" என்று காணொளியில் கேள்வி கேட்கும் ஐயா முதலில் கேட்டார். அவர் பணி ஓய்வு பெற்ற ஆசிரியர், எனக்கும் அவர்மேல் மரியாதை உண்டு. அவள் சந்தோஷமாகச் சொன்னாள்: "நாங்க இப்ப சவுல் ராஜா படிக்கிறோம். அவரை ராஜாவாக்கத் தேடினப்போ அவர் சாமான்களுக்குள்ள போய் ஒளிஞ்சிக்கிட்டார்." அங்கேதான் சிரிப்பு. எந்த ஆண்டு, அதாவது எத்தனையாம் வகுப்பு என்று கேட்கிறார் என்பது அவளுக்குப் புரியவில்லை. எங்கள் வீட்டில் அந்தக் கேள்விக்கு எல்லோரும் புத்தகத்தைத்தான் சொல்வோம். அதற்கப்புறம், "எட்டேழு எவ்வளவு?" அவள் பேசவில்லை. எட்டேழு அவளுக்குத் தெரியும். ஒரு தடவை சிரித்த கூட்டத்துக்கு முன்னால் மறுபடி வாயைத் திறக்க அவளுக்கு மனம் வரவில்லை. பெரியவர்களுக்கே வராது.

அது வேதாகமத்தில் 1 சாமுவேல் பத்தாம் அதிகாரம். சிரித்தவர்களில் பாதிப் பேர் அந்தக் கதையை ஞாயிறு பள்ளியில் படித்து வளர்ந்தவர்கள். இதைப் பற்றிப் பின்னால் பேசுகிறேன்.

வீட்டில் என்னதான் செய்கிறீர்கள் என்று கேட்கிறவர்களுக்குச் சொல்கிறேன். ஜெலுத்தோங்கில் ஓர் அடுக்குமாடி வீடு எங்களுடையது. கணவருக்கு பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் ஷிஃப்ட் வேலை. காலையில் பசியாறிய பிறகு மேசையைத் துடைத்துவிட்டு வேதாகமத்தை எடுப்போம். ஓர் அதிகாரத்தை ஒரே ஒரு தடவைதான் வாசிப்பேன். அப்புறம் பிள்ளைகள் அதைத் தங்கள் சொந்த வார்த்தையில் எனக்குத் திருப்பிச் சொல்ல வேண்டும். வரலாறு, அறிவியல் எல்லாமே இப்படித்தான். இது நான் கண்டுபிடித்த முறை இல்லை. இங்கிலாந்தில் அம்பிள்சைடு என்ற ஊரில் இருந்த சார்லட் மேசன் (1842–1923) என்ற கிறிஸ்தவக் கல்வியாளர் வகுத்தது. பாடங்கள் சின்னதாக இருக்க வேண்டும், உயிருள்ள புத்தகங்களை, அதாவது கதைபோல் உயிரோட்டமாக எழுதியவற்றைக் கொடுக்க வேண்டும், வெளியே போய் இயற்கையைப் பார்த்து வரைய வேண்டும் என்பார் அவர். கணக்குக்குத் தனிப் புத்தகம் இருக்கிறது, வாய்ப்பாடும் உண்டு. மலாயும் தினமும் வாசிக்கிறோம், ஏனென்றால் மலாயிலும் வரலாற்றிலும் தேறாமல் எஸ்.பி.எம். (இடைநிலைப்பள்ளி இறுதித் தேர்வு) சான்றிதழ் இல்லை என்பது எங்களுக்கும் தெரியும்.

கொஞ்ச நாளுக்கு முன்னால் மூத்தவன் அச்சுத்தொழில் பற்றிப் படித்துக்கொண்டிருந்தான். தமிழ் எழுத்தில் முதன்முதலாக ஒரு புத்தகம் 1578இல் கொல்லத்தில் அச்சானது. அதற்கு நூற்றுமுப்பது ஆண்டுகளுக்கு மேல் கழித்து, தரங்கம்பாடியில் சீகன்பால்கு என்ற ஜெர்மானிய மிஷனரி புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டார், 1714–15இல். ஜெர்மனியிலிருந்து வந்த தமிழ் எழுத்துகள் பெரிதாக இருந்தன, அதே அளவில் அடித்தால் காகிதம் போதாது. அதனால் அங்கேயே சின்ன எழுத்துகளை வார்த்துக்கொண்டார்கள். இதையெல்லாம் திருப்பிச் சொல்லிவிட்டு, "அம்மா, எழுத்தை எப்படி வெட்டியிருப்பாங்க?" என்று கேட்டான். நான் ஓர் அழிப்பானையும் அவன் அப்பாவின் சின்னக் கத்தியையும் கொடுத்தேன். 'அ' வெட்டினான். மையில் தோய்த்து அழுத்தினால் எழுத்து இடம் வலமாக விழுந்தது. தங்கச்சி விழுந்து விழுந்து சிரித்தாள். இரண்டாவது அழிப்பானில் கண்ணாடியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, கண்ணாடிக்குள் தெரிகிற எழுத்தைப் பார்த்து வெட்டினான். அது சரியாக வந்தது. மேசை விரிப்பில் அந்த 'அ' இன்னும் இருக்கிறது, துவைத்தும் போகவில்லை. அந்தப் பையனையும் ஒருநாள் யாராவது ஏதாவது ஒரு கூடத்தில் நிறுத்தி, "நீ எத்தனையாம் ஆண்டு?" என்று கேட்பார்கள்.

அதனால்தான் சொல்கிறேன், என்னிடம் கேளுங்கள். இந்த அழிப்பானைக் காட்டுகிறேன், கணக்கு நோட்டுகளையும் காட்டுகிறேன். பாப்பா தண்ணீர்மலைப் பூங்காவில் உட்கார்ந்து வரைந்த லோத்தோங் குரங்கையும் பாருங்கள். தாய்க்குக் கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம், மடியில் ஆரஞ்சு நிறத்தில் குட்டி. குட்டி ஏன் தாய் நிறத்தில் இல்லை என்று நூலகத்தில் தேடினாள். உட்கார்ந்து பார்க்க உங்களுக்கு நேரம் இருந்தால் எல்லாவற்றையும் காட்டுகிறேன்.

இப்போது காணொளியின் கீழே வந்த மற்றக் கேள்விகள். சட்டப்படி தப்பு என்று மூன்று பேர் எழுதியிருந்தார்கள். 2003 முதல் தொடக்கக்கல்வி கட்டாயம், மீறினால் ஐயாயிரம் வெள்ளி (மலேசிய ரிங்கிட்) வரை அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை என்பதெல்லாம் எனக்கும் தெரியும். விலக்கு தருகிற பிரிவும் அதே 1996 கல்விச் சட்டத்தில்தான் இருக்கிறது. எங்கள் கோப்பு எங்களுக்கும் கல்வி அலுவலகத்துக்கும் இடையில் இருக்கிறது, முகநூலில் அதை விரித்துவைக்க மாட்டேன்.

நாலு பேரோடு பழகத் தெரியாமல் வளரும் என்கிறீர்கள். அந்த விருந்தில் அவள் நாலு பேரோடு பழகத்தான் வந்தாள்.

சோதனை எழுதாத பிள்ளைக்கு என்ன மதிப்பு என்று ஒருவர் கேட்டார். ஆறாம் ஆண்டில் எழுதிய யூ.பி.எஸ்.ஆர். சோதனையை அரசாங்கமே 2021இல் எடுத்துவிட்டது, 2022இல் இடைநிலைப்பள்ளி மூன்றாம் படிவத்தில் எழுதிய பி.டி.3ஐயும் எடுத்துவிட்டது. அப்போதெல்லாம் பள்ளிப் பிள்ளைகளுக்கு மதிப்பு குறைந்துவிட்டது என்று யாரும் சொல்லவில்லை. எங்கள் பிள்ளைகள் தனியார் தேர்வராக எஸ்.பி.எம். எழுதுவார்கள், தமிழ்மொழியும் தமிழ் இலக்கியமும் சேர்த்து. ஐ.ஜி.சி.எஸ்.இ. என்ற பிரிட்டிஷ் பன்னாட்டுத் தேர்வை எழுதவைக்க எங்களால் முடியாது, ஒரு பாடத்துக்கே பல நூறு வெள்ளி ஆகிறது. வீட்டுக்கல்வி பணக்காரர்கள் வேலை என்று நினைப்பவர்கள் இதையும் தெரிந்துகொள்ளுங்கள். எங்கள் அலமாரியில் பாதிக்கு மேல் சௌராஸ்தா மார்க்கெட் மாடியில் வாங்கிய பழைய புத்தகங்கள். இந்த ஊர் ஈரத்துக்கு அவை பூசணம் பிடிக்கும். மழைக்காலம் முடிந்ததும் ஒவ்வொன்றாகத் துடைத்து பால்கனியில் காயவைப்பது பிள்ளைகளின் வேலை.

என்னை உண்மையாகவே தைத்தது தமிழ்ப்பள்ளி பற்றிய கேள்வி. "எல்லோரும் உங்களைப்போல் பிள்ளைகளை வீட்டில் வைத்துக்கொண்டால் தமிழ்ப்பள்ளி என்ன ஆவது?" என்று ஓர் அண்ணன் கேட்டிருந்தார். மரியாதையாகத்தான் கேட்டார். நான் தமிழ்ப்பள்ளியில் படித்தவள். இந்த நாட்டில் தமிழ்க்கல்வி 1816இல் இதே பினாங்கில் தொடங்கியது, ஃப்ரீ ஸ்கூல் என்ற பள்ளியைத் தொடங்கிய ஹட்சிங்ஸ் பாதிரியாரின் முயற்சியில். 2016இல் இருநூறு ஆண்டு நிறைவு கொண்டாடியபோது நானும் கை தட்டினேன். நூற்றைம்பது பிள்ளைகளுக்குக் கீழே உள்ள பள்ளிகளைக் குறைந்த மாணவர் பள்ளி என்று வகைப்படுத்துகிறார்கள், அந்தப் பட்டியலில் நம் பள்ளிகள் நிறைய இருக்கின்றன. என் இரண்டு பிள்ளைகள் போயிருந்தால் ஒரு பள்ளியில் இரண்டு பேர் கூடியிருப்பார்கள். இதை நான் மறுக்கவில்லை அண்ணா. என்னிடம் முழுமையான பதிலும் இல்லை.

ஆனால் தமிழை நான் எங்கிருந்து எடுத்துவந்தேன் என்று சொல்ல வேண்டும். என் அப்பா கெடாவில் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவர். பத்துப் பிள்ளைகள் இருந்தால் பள்ளி வைக்க வேண்டும் என்று 1923 தொழிலாளர் சட்டம் சொன்னதால் தோட்டங்களில் பள்ளிகள் வந்தன. பல இடங்களில் ஒரே கொட்டகை, ஒரே வாத்தியார், அவரே தோட்டத்து எழுத்தரான கிராணியாகவும் இருப்பார். அப்படி ஒரு பள்ளியில் ஆறாம் வகுப்பு வரை படித்தவர் அப்பா. பால்மரம் சீவிவிட்டு வந்து குளித்து, சாயந்திரம் தொழிலாளர் வரிசை வீடான லயத்துப் படியில் தமிழ் நேசன் பத்திரிகையை விரித்து வைத்துச் சத்தமாக வாசிப்பார். படிக்கத் தெரியாத அக்கம்பக்கத்தார் வந்து உட்கார்ந்துகொள்வார்கள். எனக்கு அங்கேதான் எழுத்து அறிமுகம். மரண அறிவிப்பில் பேர்களைப் பெரிதாகப் போட்டிருப்பார்கள் என்பதால் அந்தப் பக்கத்தில் விரலை வைத்துக் காட்டுவார். பாலர் பள்ளிக்குப் போகும்முன்பே நான் இறந்தவர்களின் பெயர்களை வாசித்துக்கொண்டிருந்தேன். 2019இல் அந்தப் பத்திரிகை நின்றபோது அப்பா இல்லை. இருந்திருந்தால் அழுதிருப்பார்.

அப்பாவிடம் யாரும் "எத்தனையாவது வரை படித்தாய்?" என்று கேட்டுச் சிரித்ததில்லை. அவர் வாசித்தார், மற்றவர்கள் கேட்டார்கள். நான் என் வீட்டில் செய்வதும் அதுதான். என் பிள்ளைகள் தினமும் தமிழை வாய்விட்டு வாசிக்கிறார்கள். பழைய வேதாகமத் தமிழையே வாசிக்கிறார்கள். அவர்களைத் தமிழைக் கைவிட்டவர்கள் என்று எழுதியவரை மட்டும் என்னால் மன்னிக்க முடியவில்லை. ஜெபித்துப் பார்த்தேன், இன்னும் முடியவில்லை.

சரி, நம் சபை விஷயத்துக்கு வருகிறேன். வெளியாள் எடுத்துப் போட்டிருந்தால் எனக்கு இவ்வளவு வலித்திருக்காது. எடுத்தது நம்மில் ஒருவர். போட்டது நம்முடைய குழுவில். நம் விசுவாசமே ஒரு புத்தகத்தில் இருக்கிறது. வீட்டில் உட்கார்ந்திருக்கும்போதும் வழியில் நடக்கும்போதும் பிள்ளைகளிடம் அந்த வார்த்தைகளைப் பேசச் சொல்லி உபாகமம் ஆறாம் அதிகாரத்தில் இருப்பதை எத்தனை தடவை பிரசங்கத்தில் கேட்டிருக்கிறோம். அதைச் செய்கிற வீட்டுப் பிள்ளை, செய்ததை உள்ளபடி சொன்னது. அதற்குத்தான் சிரித்தீர்கள். அவள் ஏதாவது ஒரு கார்ட்டூன் பெயரைச் சொல்லியிருந்தால் யாரும் கைப்பேசியை எடுத்திருக்க மாட்டீர்கள்.

பிள்ளைமேல் அக்கறையில்தான் கேட்டோம் என்கிறீர்கள். அக்கறை இருப்பவர் தனியாகக் கூப்பிட்டுப் பேசுவார், வீட்டுக்கு வருவார். போன வருஷம் எனக்கு டெங்கி வந்து படுத்திருந்தபோது ஓர் அத்தை தினமும் கஞ்சியும் துவையலும் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, பிள்ளைகளின் மலாய்ப் புத்தகத்தை எடுத்து வைத்து வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுப் போனார். அவருக்கு வீட்டுக்கல்வியில் துளியும் உடன்பாடு இல்லை, இன்றைக்கும் என்னைத் திட்டுவார். என்னைத்தான் திட்டுவார். பிள்ளைகளிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

சிரித்தது வேடிக்கைக்காக என்று சொன்னவர்களுக்கு: அவள் அன்று இரவு என்னிடம், "அம்மா, சவுல் ராஜா பத்திச் சொல்றது தப்பா?" என்று கேட்டாள். நான் என்ன பதில் சொல்லியிருக்க வேண்டும் என்று நீங்கள் சொல்லுங்கள். மறுநாள் காலை வாசித்து முடித்ததும் அவள் திருப்பிச் சொல்லவில்லை. "அண்ணா சொல்லட்டும்" என்றாள். வாசித்து முடிப்பதற்குள் "நான் சொல்றேன், நான் சொல்றேன்" என்று மேசையைத் தட்டுகிற பிள்ளை அவள்.

இந்த ஞாயிற்றுக்கிழமை நான் அவளை ஞாயிறு பள்ளிக்கு அனுப்பவில்லை. அவள் போகவில்லை என்றாள், நானும் வற்புறுத்தவில்லை. ஏன் வரவில்லை, உடம்பு சரியில்லையா என்று புலனத்தில் விசாரித்தவர்களில் அந்தக் காணொளியின் கீழே சிரிப்புப் படம் போட்டவர்களும் இருக்கிறார்கள். யார் யார் என்று எனக்குத் தெரியும். தனித்தனியாகப் பதில் எழுத எனக்குத் தெம்பில்லை. அவளுக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை.