தண்ணீருக்கு 'நேரம்' கொடுத்தால் இயந்திரம் குளிராது

"சுபாரு கார் இயந்திரத்தை விமானத்தில் பொருத்தும்போது தண்ணீர் பம்பின் வேகத்தைக் குறையுங்கள், ரேடியேட்டரில் தண்ணீர் நின்று ஆற நேரம் கிடைக்கும்" என்று இந்த விவாதத்தில் ஒருவர் எழுதியிருக்கிறார். தயவுசெய்து இதை நம்பிக் குழாயில் நீரோட்டத்தைக் குறைக்கும் அடைப்புத் தகடு வைத்துவிடாதீர்கள்.

ரேடியேட்டரில் மெதுவாகப் போகும் தண்ணீர் இயந்திரத்துக்குள்ளும் மெதுவாகத்தான் போகும். அங்கே சூடேறவும் அதே 'நேரம்' கிடைக்கிறதே! முழு விசையில் 60 கிலோவாட் வெப்பம் தண்ணீருக்குப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். வினாடிக்கு ஒரு லிட்டர் ஓடினால் உள்ளே வரும் நீருக்கும் வெளியேறும் நீருக்கும் சுமார் 14 டிகிரி வித்தியாசம். அரை லிட்டராகக் குறைத்தால் கிட்டத்தட்ட 29 டிகிரி. உறையாமல் காக்கும் கிளைகால் (glycol) திரவத்தைக் கலந்தால் இன்னும் கூடும். சிலிண்டர் தலையில் கொதித்துக் குமிழி கட்டுவது இப்படித்தான்.

இந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்பதும் புரிகிறது. தண்ணீரின் சூட்டுக்கு ஏற்பத் திறந்து மூடும் தெர்மோஸ்டாட் வால்வைக் கழற்றியதும் சில இயந்திரங்கள் அதிகம் சூடாகும். காரணம் வேகம் அல்ல. ரேடியேட்டரைச் சுற்றிப் போகும் மாற்றுவழியை (bypass) மூட ஆளில்லாமல், தண்ணீரில் ஒரு பங்கு ரேடியேட்டரைத் தொடாமலே திரும்பிவிடுகிறது.

பம்பை மிக வேகமாகச் சுழற்றினால் வேறு சிக்கல் உண்டு: உறிஞ்சும் பக்கம் அழுத்தம் விழுந்து ரப்பர் குழாய் தட்டையாகும், பம்பின் சுழலும் இறக்கைச் சக்கரமான இம்பெல்லரில் ஆவிக்குமிழி உண்டாகும். அதற்குக் கப்பியின் அளவைத் திருத்துங்கள், குழாய்க்குள் சுருள்கம்பி போடுங்கள். தண்ணீரை அழுத்தத்தில் வைத்து எளிதில் கொதிக்காமல் காக்கும் ரேடியேட்டர் அழுத்த மூடியையும் பாருங்கள். 10,000 அடியில் திறந்த பாத்திரத்துத் தண்ணீர் 90 டிகிரியிலேயே கொதிக்கும்.