சத்தம் கேட்கிறது, சொல் கேட்கவில்லை

“அதுதான் மெஷின் மாட்டியிருக்கிறீர்களே, இன்னும் என்ன?”

47 நாட்களாக இந்தக் கேள்வியோடுதான் எனக்குப் பொழுது விடிகிறது. மகன் கேட்கிறான். மருமகள் கேட்கிறாள். மளிகைக் கடைக்காரர் கேட்கிறார். டானிங்டன் நிறுத்தத்தில் பஸ் ஏறினால் நடத்துனர் கேட்கிறார். காது மெஷின் வாங்கிய அன்றே என் காது சரியாகிவிட்டது என்று கோத்தகிரியில் என்னைத் தெரிந்த அத்தனை பேரும் முடிவு கட்டிவிட்டார்கள். அதற்கு முன்பாவது அருகில் வந்து, தோளைத் தொட்டு, முகம் பார்த்துப் பேசினார்கள். இப்போது அந்தச் சிறு பொறுமையும் போய்விட்டது. இனி மெஷின் பார்த்துக்கொள்ளும் என்று என்னை அதனிடம் ஒப்படைத்துவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்கள்.

வயிறு எரிகிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

நான் 31 ஆண்டுகள் பள்ளியில் தமிழ் நடத்தியவள். வல்லினம், மெல்லினம், இடையினம் என்று எத்தனை பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்திருப்பேன்! அந்த வல்லினம்தான் என் காதை விட்டு முதலில் போனது. வயதாகும்போது காது எல்லா ஒலியையும் ஒரே அளவில் இழப்பதில்லை. உச்ச ஒலிகள், அதாவது உயர்ந்த சுருதியில் வரும் கூரான ஒலிகள்தான் முதலில் மங்கும். என் பரிசோதனைத் தாளில் 250 ஹெர்ட்ஸில், தாழ்ந்த சுருதியில், கோடு ஏறக்குறைய இயல்பான இடத்தில் இருக்கிறது. உயர்ந்த சுருதியான 4,000 ஹெர்ட்ஸுக்கு வரும்போது 70 டெசிபலுக்குச் சரிந்துவிடுகிறது; அவ்வளவு பலமாக ஒலித்தால்தான் எனக்குக் கேட்கும். உயிரெழுத்துகளின் பலமெல்லாம் தாழ்ந்த ஒலிகளில் இருக்கிறது. க, ச, த, ப என்று ஒன்றை மற்றொன்றிலிருந்து பிரித்துக் காட்டும் மெல்லிய உரசலும் வெடிப்பும் உயர்ந்த ஒலிகளில் இருக்கின்றன. ஆகவே ஒருவர் பேசுகிறார் என்பது எனக்கு எப்போதும் கேட்டது. சொன்னது பாலா, காலா, சாலா என்பதுதான் கேட்கவில்லை. “கூப்பிட்டால் மட்டும் திரும்பிப் பார்க்கிறீர்களே” என்று இத்தனை ஆண்டுகள் என்னை மடக்கியவர்கள் இதைத் தயவுசெய்து இரண்டு முறை படிக்க வேண்டும்.

கண்ணாடி மாட்டியதும் எழுத்து தெளிவதைப் போல இதுவும் தெளிந்துவிடும் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டு போனேன், யாரும் திருத்தவில்லை. நடப்பது வேறு. பத்து ஆண்டுகளாக மூளைக்கு எட்டாமல் இருந்த ஒலிகளையெல்லாம் மெஷின் ஒரே நாளில் உள்ளே கொண்டுவந்து கொட்டுகிறது. எவர்சில்வர் தட்டைத் தொட்டியில் போட்டால் நெற்றிப்பொட்டில் அடிக்கிறது. செய்தித்தாளைப் புரட்டுவதும் வெங்காயச் சருகை உரிப்பதும் பேச்சுக்குச் சமமாக வந்து நிற்கின்றன. என் சொந்தக் குரல், குடத்துக்குள் தலையை விட்டுப் பேசுவது போல முழங்குகிறது. இவற்றில் எதைக் கவனிப்பது, எதைத் தள்ளிவிடுவது என்று மூளை மறுபடியும் படித்தாக வேண்டும். அதற்கு வாரங்கள் ஆகும். சிலருக்கு மாதங்கள் ஆகும். ஜூன் மாதம் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த பிள்ளையிடம் ஜூலை மாதமே செய்தித்தாளை நீட்டி “படி” என்று யாராவது சொல்வார்களா? என்னிடம் முதல் நாளே சொன்னார்கள்.

மெஷின் வீண் என்று நான் சொல்லவில்லை. மூன்றாம் நாள் பேத்தி என் மடியில் உட்கார்ந்துகொண்டு ஜன்னலைக் காட்டி “பாட்டி, சிட்டு” என்றாள். அந்தச் ‘சி’ ஊசி போலக் கூராக வந்து விழுந்தது. அவள் சொல்லி அந்த எழுத்து எனக்குக் கேட்டது அதுதான் முதல் முறை. அழுதுவிட்டேன். இந்த மெஷினால் என்ன முடியும் என்று தெரிந்திருப்பதால்தான், அதை இப்படி அரைகுறையாகக் கையில் கொடுத்து அனுப்பியவர்கள் மேல் எனக்கு ஆத்திரம் பொங்குகிறது.

கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் 33 கிலோமீட்டர் மலைப்பாதை; அங்கிருந்து கோவை இன்னும் ஒரு மணி நேரத்துக்கு மேல். சுமார் 1,800 மீட்டர் உயரத்திலிருந்து 400 மீட்டருக்கு இறங்கினால் மலையிலேயே பிறந்து வளர்ந்தவர்களுக்கும் காது அடைத்துக்கொள்ளும். மெஷின் வாங்கக் கோவைக்குப் போன அன்று எனக்குச் சளியும் இருந்தது. அடைப்பு விடாத காதோடு போய் உட்கார்ந்தவளிடம் “எங்கிருந்து வருகிறீர்கள், காது அடைத்திருக்கிறதா” என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. நேராகச் சோதனை அறைக்குள் அனுப்பி ஹெட்ஃபோனை மாட்டிவிட்டார்கள். சோதனை, கருவித் தேர்வு, பணம் கட்டுதல் எல்லாம் ஒரே பகலில் முடிந்தது. ஒரு ஜோடி 1,10,000 ரூபாய். இதற்கு ஜிஎஸ்டி கூடக் கிடையாது. கட்டிய பணம் முழுவதும் கருவிக்கும் அதற்கான சேவைக்கும்தான். அந்தச் சேவை எங்கே போனது? மாட்டவும் கழற்றவும் சொல்லித்தந்த நேரம் 20 நிமிடம். ஓசையே இல்லாத குளிர்ந்த அறையில் ஒரு பெண் நேர் எதிரே உட்கார்ந்து “கேட்கிறதா அம்மா?” என்றாள். கேட்டது. அப்படி எதிரே உட்கார்ந்து நிதானமாகப் பேசினால் எனக்கு மெஷின் இல்லாமலே கேட்குமே!

என் பழைய மாணவி ஒருத்தி காது கேட்கும் திறனைச் சோதிக்கும் படிப்பைப் படித்து வெளியூரில் வேலை பார்க்கிறாள். வீடியோ அழைப்பில் அவள் கேட்ட முதல் கேள்வி: “டீச்சர், காதுக்குள் மெல்லிய குழாய் ஒன்றை விட்டு, கருவியின் ஒலி செவிப்பறைக்கு அருகில் எவ்வளவு வந்து சேர்கிறது என்று அளந்தார்களா?” அளக்கவில்லை. காதுக்குழாயின் நீளமும் அகலமும் ஆளுக்கு ஆள் மாறும், அளக்காமல் கணினி காட்டிய கணக்கை அப்படியே வைத்தால் சில ஒலிகள் கூடிப்போகும், சில குறைந்துபோகும் என்றாள். பணத்தை எண்ணி வாங்கத் தெரிந்தவர்களுக்கு இந்த ஒரு சோதனையைச் செய்ய நேரமில்லை.

கருவியோடு தந்த கையேட்டிலும் எங்கள் மலை இல்லை. கார்த்திகைக் குளிரில் குல்லா இல்லாமல் நாங்கள் எப்படி வெளியே போவது? கம்பளிக் குல்லாவைக் காதுக்கு மேல் இழுத்துவிட்டால், உள்ளே போக வேண்டிய ஒலி திரும்ப மைக்கிலேயே விழுந்து கீச்சென்று விசிலடிக்கிறது. கம்பளி உரசும்போது முறத்தில் மணலைப் புடைப்பது போல் இருக்கிறது. குல்லாவைக் கழற்றினால் காற்று மைக்கில் மோதி இரைகிறது. மூடுபனியிலிருந்து அடுப்படிக்குள் நுழைந்தால், கருவியிலிருந்து காதுக்குள் போகும் மெல்லிய குழாயில் நீர் முத்து கட்டி ஒலி பாதியில் நின்றுவிடுகிறது. ஈரம் உறிஞ்சுவதற்காகக் கொடுத்த நீல மணிகள் பத்தே நாளில் வெளிறிச் சிவந்துவிட்டன. பேட்டரியின் கதை இன்னும் மோசம். பழுப்பு நிறத் தாள் ஒட்டிய 312 எண் பேட்டரி அது. சின்னத் துளை வழியாகக் காற்றை இழுத்து வேலை செய்யும் துத்தநாக பேட்டரி. தாளை உரித்துவிட்டால் உரித்ததுதான். மறுபடி ஒட்டினாலும் தேய்வது நிற்காது. குளிரும் ஈரமும் அதற்கு ஆகாது. ஒரு வாரம் வரும் என்று கோவையில் சொன்னார்கள். பனி இறங்கிய வாரத்தில் நான்காம் நாளே செத்துவிட்டது. இங்கே மருந்துக் கடையில் கேட்டால் கைக்கடிகார பேட்டரியை எடுத்து நீட்டுகிறார்கள். விலாசத்தில் நீலகிரி மாவட்டம் என்று எழுதி வாங்கினார்களே, இதில் ஒன்றையாவது அவர்கள் வாய்திறந்து சொல்லியிருக்கக் கூடாதா?

இப்போது அந்த நாளைப் பற்றிச் சொல்கிறேன். சொல்லாவிட்டால் என் கோபம் யாருக்கும் புரியாது.

மெஷின் மாட்டி மூன்று வாரம் ஆகியிருந்தது. காலை ஏழு மணி இருக்கும். தேயிலைத் தோட்டத்துக் குறுக்குப் பாதையில் பால் வாங்கப் போய்க்கொண்டிருந்தேன். நல்ல காற்று. மேலே சரிவிலிருந்து ஒரு குரல் வந்தது. காதுக்குள்ளேயே பேசுவது போலப் பெரிதாகத்தான் வந்தது. ஆனால் அதில் ஒரு சொல்லும் இல்லை. ‘ஓ... ஆ... ஈ...’ என்று உயிரெழுத்துகள் மட்டும் காற்றோடு கலந்து வந்தன. எந்தப் பக்கமிருந்து வருகிறது என்றும் பிடிபடவில்லை. தோட்டத்துக்குப் போகும் பெண்கள் தங்களுக்குள் பேசிக்கொள்கிறார்கள் என்று எண்ணித் தொடர்ந்து நடந்தேன். பக்கத்து வீட்டுப் பெண் செடிகளை விலக்கிக்கொண்டு ஓடிவந்து என் கையைப் பிடித்து நிறுத்தினாள். அடுத்த வளைவில், இருபது அடி தூரத்தில், மூன்று காட்டெருமைகள் நின்றுகொண்டிருந்தன. ஒன்று கன்றோடு நின்றது. “போகாதீர்கள்” என்று அவள் தொண்டை கிழியக் கத்தியிருக்கிறாள்.

இருவரும் பின்னால் நகர்ந்து வந்த பிறகு, மூச்சு வாங்கிக்கொண்டே அவள் கேட்டாள்: “மெஷின் போட்டும் கேட்கவில்லையா டீச்சர்?”

உயிரைக் காப்பாற்றியவளிடம் கோபப்பட முடியுமா? வீட்டுக்கு வந்து உட்கார்ந்தபோது கை நடுங்கியது. ஆறடிக்குள் இருப்பவரின் பேச்சைத்தான் இந்தக் கருவி ஓரளவு ஒழுங்காகத் தரும். தூரம் கூடக்கூட, காற்றும் இரைச்சலும் சேரச்சேர அதன் கை தளர்ந்துவிடும். இதை முன்பே சொல்லியிருந்தால் நான் அந்தப் பாதையில் தனியாகப் போயிருக்கவே மாட்டேன். இப்போது போவதில்லை. அது நான் நாற்பது ஆண்டுகள் நடந்த பாதை.

சரி, கோவையில் இருப்பவர்கள் அந்நியர்கள். வீட்டில் இருப்பவர்கள்? அடுப்படியிலிருந்து முதுகைக் காட்டிக்கொண்டு பேசுகிறார்கள். தொலைக்காட்சி ஓடும்போது பேசுகிறார்கள். பேசிக்கொண்டே மாடிப்படி ஏறுகிறார்கள். “என்ன?” என்று கேட்டால் உடனே கத்துகிறார்கள். கத்தினால் எனக்குப் புரியாது, வலிக்கும். என்னைப் போன்ற காதுக்கு மெல்லிய ஒலி எட்டாது, பெரிய ஒலி மற்றவர்களுக்கு உறைப்பது போலவே உறைக்கும்; இடையில் இருக்கும் இடைவெளி மிகக் குறுகல். கத்தும்போது உதடும் கோணிப்போகிறது, எழுத்தும் சிதைகிறது. இரண்டாம் முறையும் புரியவில்லை என்றால் வருகிறது அந்தச் சொல்: “ஒன்றுமில்லை, விடுங்கள்.”

இந்தச் சொல்லைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. எல்லோரும் சிரிக்கிறார்கள், என்ன என்று கேட்கிறேன், “ஒன்றுமில்லை அத்தை.” பேரன் பள்ளியில் நடந்ததைச் சொல்கிறான், பாதி புரிந்து மீதியைக் கேட்கிறேன், “ஒன்றுமில்லை பாட்டி.” ஒன்றுமில்லாததற்கா அத்தனை சிரிப்பு? அது எனக்குச் சொல்லும் அளவுக்குப் பெரிதா சிறிதா என்று நீங்கள் ஏன் முடிவு செய்கிறீர்கள்? பத்து விநாடி. திரும்பச் சொல்ல அதற்கு மேல் ஆகாது. அந்தப் பத்து விநாடியை எனக்குத் தர மனமில்லாமல்தானே அந்தச் சொல் வருகிறது? ‘செவிடன் காதில் ஊதிய சங்கு’ என்ற பழமொழியை நானே வகுப்பில் எத்தனையோ முறை விளக்கியிருக்கிறேன். அதற்காக இன்று வெட்கப்படுகிறேன். ஊதுகிறவன் அருகில் வந்து ஊதினானா என்று ஒரு பிள்ளையும் கேட்கவில்லை, நானும் கேட்க வைக்கவில்லை.

முடியாத காரியத்தையா கேட்கிறேன்? மார்க்கெட்டில் நான் வழக்கமாகக் காய் வாங்கும் அம்மாவுக்கு முடிகிறதே! கூட்டம் நெரியும் நேரத்திலும் தராசை நிறுத்திவிட்டு, என் பக்கம் திரும்பி, உதடு தெரியும்படி “பீன்ஸ் அறுபது, டீச்சர்” என்கிறார். குரலை உயர்த்துவதில்லை. யாரும் அவருக்குப் பயிற்சி தரவில்லை. ஆறு பேர் இருக்கும் என் வீட்டில் இது ஏன் முடியவில்லை?

அரசு உதவி கிடைக்குமே என்று கேட்பவர்களுக்கும் சொல்லிவிடுகிறேன். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின்படி, இரு காதுகளிலும் பேச்சு ஒலிகளில் 60 முதல் 70 டெசிபல் வரை இழப்பு இருந்தால்தான் செவித்திறன் குறைந்தவர் என்ற கணக்கில் வரலாம். எனக்குச் சராசரி 54. சட்டத்தின் கண்ணில் எனக்குக் குறை இல்லை. காட்டெருமை நின்ற வளைவில் அந்த ஆறு டெசிபல் எனக்கு என்ன உதவி செய்தது?

வியாழக்கிழமை முதல் பஸ்ஸில் கோவைக்குப் போகிறேன். 47 நாட்களும் குறித்து வைத்த நோட்டுப் புத்தகத்தை எடுத்துப் போகிறேன்: எந்த ஒலி வலித்தது, எந்தச் சொல் எந்த இடத்தில் தப்பியது, எத்தனை நாளில் பேட்டரி தீர்ந்தது எல்லாம் அதில் இருக்கின்றன. இந்த முறை காது அடைப்பு விடும்வரை வெளியிலேயே உட்கார்ந்திருப்பேன். அந்தக் குழாய்ச் சோதனையைச் செய்யாமல் நாற்காலியை விட்டு எழுந்திருக்க மாட்டேன்.

மருமகளையும் கூட வரச் சொன்னேன். அங்கே சொல்லப்படுவதை அவளும் உட்கார்ந்து கேட்க வேண்டும். நேற்று இரவு அடுப்படியிலிருந்து ஏதோ பதில் சொன்னாள். எனக்குக் கேட்கவில்லை. வந்து முகத்தைப் பார்த்துச் சொல் என்றேன். அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள். எதிரே உட்கார்ந்து, “வருகிறேன் அத்தை” என்றாள்.