ஆதாரம் யார் வீட்டு பீரோவில் இருக்கிறது?

தமிழ்நாடு-கேரள எல்லையில் உள்ள ஆனைகட்டியில் ஆகஸ்ட் 9 அன்று பழங்குடியினர் நாள் கூட்டம் நடத்திய தமிழ் இளைஞர்கள் சிலர், இருளர், முடுகர், குறும்பர் மக்களின் உரிமைக்கும் பண்பாட்டுக்கும் துணை நிற்க ஓர் அமைப்பு தொடங்கப்போவதாகச் சொல்லி என் கருத்தைக் கேட்டார்கள். மேடையில் இரண்டு நிமிடம் பேசிவிட்டு இறங்கிவிட்டேன். அன்று சொல்லாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன். சொந்தக்காரர்கள் சிலருக்குக் கசக்கும்.

கேரளத்தின் அட்டப்பாடி மலைப்பகுதியில் தமிழ் பேசும் நாங்கள் மொழிச் சிறுபான்மையினர். தமிழில் படிவம் வேண்டும், பள்ளிக்குத் தமிழாசிரியர் வேண்டும் என்று நானே எத்தனையோ மனு எழுதியிருக்கிறேன். ஆனால் கோட்டத்துறையிலும் சோலையூரிலும் ஓர் இருளர் ஊருக்கு முன்னால் போய் நிற்கும்போது நாங்கள் வேறு ஆட்கள். அங்கே எங்கள் அடையாளம் மொழி அல்ல, நிலம். 1951 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போது இந்த மலையில் பத்தில் ஒன்பது பேர் ஆதிவாசிகளாக இருந்தார்கள். இன்று அவர்கள் பாதிக்கும் குறைவு. கிழக்கே கோயம்புத்தூர்ப் பக்கமிருந்து நாங்களும் மேற்கே இருந்து மலையாளிகளும் வந்தோம். வந்ததைக் குற்றம் என்று சொல்லவில்லை, பஞ்சம் பிழைக்க வந்தவர்களும் உண்டு. ஆனால் வந்தவர்களின் பெயருக்கு நிலம் எப்படி மாறியது என்பதை எங்கள் வீடுகளில் யாரும் வாய்விட்டுப் பேசுவதில்லை.

என் தாத்தா 1960களின் நடுவில் வந்தவர். ராகியும் துவரையும் விளைந்த காட்டை ஒரு மூப்பனிடம், அதாவது ஆதிவாசி ஊர்த் தலைவரிடம், குத்தகைக்கு எடுத்தார் என்றுதான் குடும்பக் கதை. நடுவில் கொஞ்சம் கடன், கொஞ்சம் புகையிலை, ஒரு கல்யாணச் செலவு; அதன் பிறகு அந்தக் குத்தகை எந்த வருடம் கிரயமானது என்று யாருக்கும் தெரியவில்லை. நிலத்தின் ஆதாரம், அதாவது பத்திரம், எங்கள் வீட்டு பீரோவில் இருக்கிறது. அதில் மூப்பனின் கைநாட்டும் இருக்கிறது, அதற்குக் கீழே எழுதியிருப்பதை அவரால் படித்திருக்க முடியாது என்பதும் எல்லோருக்கும் தெரியும்.

கேரள சட்டமன்றம் 1975-இல் ஒரு சட்டம் இயற்றியது. 1960-க்கும் 1982-க்கும் நடுவில் இப்படிக் கைமாறிய பழங்குடியினர் நிலத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பது அதன் சாரம். அதற்கான விதிகள் வரவே 1986 ஆனது. விதிகள் வந்தபின்பும் எதுவும் நடக்காததால் வழக்குப் போட வேண்டியிருந்தது. 1993-இல் உயர் நீதிமன்றம் நடைமுறைப்படுத்தச் சொல்லி உத்தரவிட்டது. அதைத் தவிர்க்க 1996-இல் அரசு கொண்டுவந்த திருத்தத்தைச் சட்டமன்றத்தில் கே.ஆர்.கௌரி அம்மா ஒருவர்தான் எதிர்த்தார். கட்சிகள் வேறு எதிலும் இத்தனை ஒற்றுமை காட்டி நான் பார்த்ததில்லை. பிறகு 1999-இல் வந்த புதிய சட்டம், இரண்டு ஹெக்டேர் வரை வைத்திருப்பவர் அதை வைத்துக்கொள்ளலாம், நிலத்தை இழந்தவருக்கு அரசு வேறிடத்தில் மாற்று நிலம் தரும் என்று கணக்கை முடித்தது. உச்ச நீதிமன்றமும் 2009-இல் அதை ஏற்றுக்கொண்டது. எங்கள் வீட்டில் அன்று பாயசம் வைத்தார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

நிலம் போனால் ராகி போகும், ராகி போனால் உடம்பு போகும். 2013-இல் இங்கே பச்சிளங்குழந்தைகள் அடுத்தடுத்து இறந்தபோது தாய்மாரின் ரத்தசோகையைப் பற்றி நாடே பேசியது. ஊருகளில் சமூகச் சமையற்கூடங்கள் வந்தன. அவை தேவைதான். ஆனால் சொந்தக் காட்டில் தானியம் விளைவித்தவர்கள் ஏன் கஞ்சிக்கு வரிசையில் நிற்கிறார்கள் என்ற கேள்வி அந்தப் பேச்சில் அதிகம் எழவில்லை.

பண்பாட்டைப் போற்றுவது எங்களுக்கு எளிது. திரைப்படத்தில் பாடிய இருளர் பாட்டுக்காக அட்டப்பாடிப் பாடகி நஞ்சியம்மாவுக்கு 2022-இல் தேசியத் திரைப்பட விருது அறிவித்தபோது ஆனைகட்டியில் பட்டாசு வெடித்தோம். தன் கணவர் குடும்பத்து நிலத்துக்காக அவரே வழக்கு நடத்திக்கொண்டிருந்தார் என்ற செய்தியை எத்தனை பேர் பகிர்ந்தோம்? கொகல் குழலும் பெறை மேளமும் மேடையேறினால் கைதட்டுகிறோம். விதைப்பைத் தொடங்கிவைக்க ஊரில் மண்ணுக்காரன் என்று ஒருவர் இருப்பார். விதைக்க நிலமே இல்லாத ஊரில் அவருக்கு என்ன வேலை? அந்தப் பதவி இருந்தால்தானே அதைச் சுற்றியுள்ள பாட்டும் சடங்கும் இருக்கும்.

துணை நிற்பது எப்படி என்று இளைஞர்கள் கேட்டார்கள். 2018 பிப்ரவரி 22 அன்று, அரிசி திருடினான் என்று சொல்லி இங்கே மது என்ற ஆதிவாசி இளைஞரைக் கட்டி வைத்து அடித்தார்கள். அன்றே அவர் உயிர் போனது. மெழுகுவத்தி ஏந்தியவர்கள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். ஆனால் சாட்சிகள் ஒருவர் பின் ஒருவராகப் பிறழ்ந்தபோதும், அரசு வழக்கறிஞர்கள் மாறிக்கொண்டே இருந்தபோதும், ஐந்து வருடம் விடாமல் நீதிமன்றப் படியேறியவர்கள் அவருடைய தாயும் சகோதரியும், உடன் நின்ற சிலரும்தான். 2023-இல் பதினான்கு பேர் குற்றவாளிகள் என்று தீர்ப்பு வந்தது. அந்தச் சிலராக இருக்க முடியுமா என்பதுதான் என் கேள்வி. பதாகையில் யார் பெயர் வருகிறது என்பதில் எனக்கு அக்கறை இல்லை.

முன்மாதிரி தேடி வெகுதூரம் போக வேண்டாம். மலைக்கு அந்தப் பக்கம் கூடலூரில் 1980களில் வெளியிலிருந்து வந்த சிலர் ‘அக்கார்டு’ என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். ஆனால் பணியர், பெட்டக்குறும்பர், காட்டுநாயக்கர் முதலானோர் சேர்ந்து எழுப்பிய ஆதிவாசி முன்னேற்றச் சங்கம்தான் 1988-இல் நில உரிமைக்காகப் பேரணி போனது. அவர்களுடைய மருத்துவமனையில் ஆதிவாசிப் பெண்களே செவிலியர்கள். கேரளத்தின் வாழச்சாலில் காடர் பழங்குடியினர் 2006 வன உரிமைச் சட்டத்தின்படி தங்கள் காட்டின் மீது சமூக உரிமையைப் பெற்றதும், ஊர்க்கூட்டம் கூடித் தாங்களே எல்லை குறித்து வரைபடம் போட்டதால்தான். இங்கேயே சாராயத்துக்கு எதிராகத் தாய்க்குலச் சங்கத்துப் பெண்கள் திரண்டபோது எந்தத் திட்ட அறிக்கையும் அவர்கள் கையில் இருக்கவில்லை. ஜப்பான் கடனில் வந்த பெரிய திட்டம் மரம் நட்டது, வீடு கட்டியது, முடிந்ததும் அலுவலகத்தைப் பூட்டிக்கொண்டு போனது; நட்ட மரங்கள் நிழல் தருகின்றன, அதை மறுக்க மாட்டேன்.

எனவே புதிய அமைப்புக்கு நான் சொல்வது இதுதான்: பறையிசைப் பயிலரங்கம் பிறகு நடக்கட்டும். முதலில் உறுப்பினர் ஒவ்வொருவரும் தங்கள் வீட்டு ஆதாரத்தை எடுத்து, சர்வே எண்ணைப் பார்த்து, 1960-க்கும் 1982-க்கும் நடுவில் யாரிடமிருந்து யாருக்கு மாறியது என்று எழுதி, அந்த ஊரின் ஊர்க்கூட்டத்தில் கொடுக்க வேண்டும். கூட்டம் என்ன சொல்கிறதோ அதை உட்கார்ந்து கேட்க வேண்டும்.

போன வாரம் எங்கள் ஆதாரத்தை நகல் எடுத்தேன். சித்தப்பா மூன்று நாளாக என்னோடு பேசவில்லை. சித்தி மட்டும், “கொடுக்கறதுன்னா எந்தப் பக்கம் கொடுப்பே, கிணறு இருக்கற பக்கமா?” என்று கேட்டார். அதற்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை. மூப்பனின் பேத்தி அதே ஊரில் எஸ்.டி. புரமோட்டராக, அதாவது அரசின் பழங்குடியினர் நலப் பணியாளராக, இருக்கிறார், அடுத்த ஊர்க்கூட்டம் எப்போது என்று அவரிடம் கேட்டிருக்கிறேன்.