பிரஸ் பொத்தானில் செருகிய மரச்சில்

உலோகத் தகட்டை அழுத்தி வடிவம் கொடுக்கும் பவர் பிரஸ்ஸில் வேலை செய்பவருக்கு முன்னால் இரண்டு பொத்தான்கள் இருக்கும். இரண்டையும் சேர்த்து அழுத்தினால்தான் மேல் டை (வடிவம் கொடுக்கும் அச்சு) இறங்கும். இரு கைகளும் பொத்தானில் இருக்கும்போது விரல் டைக்குள் சிக்க வழியில்லை. நான் வேலை பார்த்த ஆலையில் மூன்று பேர் ஒரு பொத்தானில் மரச்சில்லைச் செருகிவிட்டு, விடுபட்ட கையால் டைக்குள்ளிருந்து பீஸை எடுத்துக்கொண்டிருந்தார்கள். பிடிபட்டார்கள். (புதிய பிரஸ்களில் இந்த வித்தை பலிக்காது, ஒவ்வோர் அடிக்கும் இரண்டு பொத்தான்களையும் விட்டுவிட்டு மறுபடி அழுத்த வேண்டும். எங்களுடையது பழையது.) நிர்வாகம் மூவருக்கும் மெமோ கொடுத்தது. சங்கம் வாயிலில் கூடி, பழிவாங்கும் நடவடிக்கையைக் கைவிடு என்று முழங்கியது. முழங்கியவர்களில் நானும் ஒருவன்.

இரண்டு வாரம் இப்படியே போனது. பிறகு பாதுகாப்புக் குழுக் கூட்டத்தில், அதுவரை வாயே திறக்காத ஒரு டை செட்டர் (டையைப் பொருத்துபவர்) தயங்கித் தயங்கிச் சொன்னார்: "பீஸ் டையில் ஒட்டிக்கொள்கிறது சார். ஒவ்வொரு முறையும் கையை விட்டுத்தான் எடுக்க வேண்டியிருக்கிறது. இரண்டு கையாலும் அழுத்திக்கொண்டிருந்தால் ஷிப்டுக்குச் சொன்ன எண்ணிக்கை வராது."

அறையில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அந்த எண்ணிக்கையை நிர்ணயித்தவரும் அங்கேதான் உட்கார்ந்திருந்தார். அதற்கு ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்ட நாங்களும் அங்கேதான் இருந்தோம். டையைக் கழற்றிப் பார்த்தார்கள். ஸ்பிரிங் தளர்ந்திருந்தது. அதை மாற்றி, பீஸை வெளியே தள்ள ஒரு காற்றுக் குழாயும் வைத்தார்கள். அது முடியும்வரை எண்ணிக்கையைக் குறைத்தார்கள். மரச்சில் தானாகக் காணாமல் போயிற்று.

தொழிலாளர் சங்கமும் முதலாளியும் பேசுவது என்றாலே நம் நினைவுக்கு வருவது ஊதிய ஒப்பந்தம்தான். சில ஆண்டுகளுக்கு ஒரு முறை கோரிக்கைப் பட்டியல், இழுபறி, கடைசியில் நள்ளிரவில் கையெழுத்து. சர்வதேச தொழிலாளர் அமைப்பு 'சமூக உரையாடல்' என்று சொல்வது இதைவிட அகலமானது. பேரம் பேசுவது, கலந்தாலோசிப்பது, தகவலைப் பகிர்ந்துகொள்வது மூன்றும் அதில் அடக்கம். நாம் பேரத்தில் கெட்டிக்காரர்கள். தகவல் என்று வந்தால் இரண்டு தரப்பும் சீட்டாட்டக்காரர்களைப் போல மார்போடு அணைத்துப் பிடித்துக்கொள்கிறோம்.

உலோகத் தொழிலில் இதற்கு விலை அதிகம். உருக்கும் உலையை விளக்கைப் போல அணைத்து ஏற்ற முடியாது. ஒரு எந்திர வரிசையை வாங்கிப் போட்டால் பல ஆண்டுகளுக்கு அதுதான் ஆளின் எண்ணிக்கையையும் ஷிப்டையும் இரைச்சலையும் முதுகுவலியையும் முடிவு செய்யும். எந்திரம் வந்து இறங்கிய பிறகு அதைப் பற்றிச் சங்கத்தோடு பேசுவது பந்தி முடிந்த பிறகு இலை போடுவது போல.

ஜெர்மனியைச் சொன்னால் உடனே "அவர்கள் பண்பாடு வேறு" என்பார்கள். பண்பாடெல்லாம் இல்லை, போராடிப் பழகியதுதான். அங்கே 1956 அக்டோபரில் ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைனில் உலோகத் தொழிலாளர்கள் நோய்க்கால ஊதியத்துக்காக வேலைநிறுத்தத்தில் இறங்கி, 114 நாள் நின்றார்கள். அடுத்த ஆண்டு அதற்குச் சட்டம் வந்தது. 2004இல் போர்ஸ்ஹைமில் உலோகத் தொழிலாளர் சங்கமான ஐ.ஜி. மெட்டலும் முதலாளிகள் சங்கமும் போட்டுக்கொண்ட ஒப்பந்தம் எனக்கு இன்னும் சுவாரசியமானது. நெருக்கடியில் இருக்கும் ஆலை, துறை முழுவதற்குமான ஒப்பந்தத்திலிருந்து சற்று விலகிக்கொள்ளலாம். ஆனால் அதற்குச் சங்கத்தின் சம்மதம் வேண்டும். சம்மதம் கேட்க வந்தவரிடம் சங்கம் கணக்கைக் காட்டச் சொல்லும், வேலைக்கும் முதலீட்டுக்கும் உறுதி கேட்கும். 'நஷ்டம்' என்ற ஒற்றைச் சொல்லை வைத்துக்கொண்டு அங்கே காரியம் சாதிக்க முடியாது.

ஸ்வீடனில் 1938இல் சால்ட்ஷோபாடனில் தேசிய அளவில் ஒப்பந்தம் ஆனது, ஆண்டுக்கணக்கான வேலைநிறுத்தங்களாலும் கதவடைப்புகளாலும் இரு தரப்பும் களைத்துப்போன பிறகு. 1997இன் தொழில்துறை ஒப்பந்தம் இன்னும் ஒரு படி மேலே போய், பழைய ஒப்பந்தம் காலாவதியாவதற்கு முன்பே நடுநிலையாளர்கள் உள்ளே வர ஏற்பாடு செய்தது. ஆனால் அந்த நாட்டிலேயே, கூட்டு ஒப்பந்தத்தில் கையெழுத்திட மின்சாரக் கார் நிறுவனமான டெஸ்லா மறுத்ததால் 2023 அக்டோபரில் அதன் பணிமனை மெக்கானிக்குகளை அங்குள்ள உலோகத் தொழிலாளர் சங்கமான ஐ.எஃப். மெட்டல் வேலைநிறுத்தத்துக்கு அழைத்தது. துறைமுகத் தொழிலாளர்கள் அந்தக் கார்களை இறக்க மாட்டோம் என்றார்கள். அஞ்சல் ஊழியர்கள் நம்பர் பிளேட்டுகளைக் கொண்டுபோய்க் கொடுக்க மறுத்தார்கள். அப்படியும் அது ஆண்டுக்கணக்கில் இழுத்தது. எதிரே ஒருவர் வந்து உட்கார மறுத்தால் எண்பது ஆண்டுப் பழக்கமும் உதவாது.

முதலாளிகளை மட்டும் சொல்லிவிட்டுப் போக மனம் ஒப்பவில்லை. சங்கத்தில் இருந்தவன் என்பதால் உள்வீட்டுச் சங்கதியும் தெரியும். நிர்வாகம் உற்பத்திக் கணக்கை மேசையில் வைத்தபோது அதைப் புரட்டிப் பார்க்காமல் "இதெல்லாம் கண்துடைப்பு" என்று எழுந்து வந்திருக்கிறோம். வாசிக்கத் தெரியவில்லை என்பதுதான் உண்மை. அதை ஒப்புக்கொள்ள வெட்கமாக இருந்தது. இன்னொன்று: பிரஸ்ஸில் நிற்பவர்களில் பாதிப் பேர் ஒப்பந்தத் தொழிலாளர்களாக ஆன பிறகும், மேசையின் நம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும் நிரந்தரத் தொழிலாளர்களே. மரச்சில் செருகிய மூவரில் இருவர் சங்க உறுப்பினர்களே இல்லை. அவர்களுக்காகத்தான் முழங்கினோம், என்ன நடந்தது என்று அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அண்மையில் ஓர் இளம் சங்கச் செயலாளர் கோரிக்கைப் பட்டியலின் வரைவை என் பார்வைக்கு அனுப்பியிருந்தார். அவருடைய ஆலையில் எஞ்சினுக்குள் சுழலும் தண்டான கிராங்க் ஷாப்ட் கடைகிறார்கள். மின்சாரக் காருக்கு கிராங்க் ஷாப்ட் கிடையாது, பிஸ்டன் கிடையாது, புகைக்குழாய் கிடையாது. பட்டியலில் 31 கோரிக்கைகள்: படிகள், சீருடை, விடுப்பு, பதவி உயர்வு, எல்லாம் நியாயமானவை. அந்த எந்திர வரிசை இன்னும் எத்தனை ஆண்டு ஓடும், அதில் நிற்பவர்களுக்கு அடுத்து என்ன வேலை, அதற்கான பயிற்சி எப்போது தொடங்கும் என்ற கேள்வி மட்டும் எங்கும் இல்லை. 32ஆவதாக அதை என் கையால் எழுதித் திருப்பி அனுப்பினேன். மறுநாள் தொலைபேசியில் அழைத்தார். "இதைக் கேட்டால் ஆட்கள் பயந்துவிடுவார்களே, ஐயா" என்றார்.

அவர்கள் ஏற்கெனவே பயந்துதான் இருக்கிறார்கள் தம்பி, உணவு இடைவேளையில் போய் உட்கார்ந்து கேட்டுப் பார் என்றேன்.